வாகரை வீதியும் தாழ்ந்த கார்களும்

ஒரு பிரதேசத்தில் ஓடுகின்ற மோட்டார் வண்டிகளின் அடிவயிறு நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் உயர்ந்து நிற்கிறது என்பதை மாத்திரம் கவனித்தாலே, அப்பிரதேசத்து வீதிகளின் சரித்திரத்தில் பாதியை ஊகித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் நெருக்க நடுவே மணற்பட்டையாய்க் கிடக்கின்ற வாகரையில், உயர்ந்து நிற்பதே வண்டிக்கு இலட்சணம் என்று தலைமுறை தலைமுறையாகக் கருதப்பட்டு வந்தது. இன்றோ, அதே வீதியிலே, வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து வருகின்ற பழைய கொரோலாக்களும் பெட்டி லான்சர்களும், ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடமில்லாதபடி தாழ்த்தப்பட்டு, நிலத்தை முகர்ந்துகொண்டு ஓடுகின்றன. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், விசாரணை வாகரையோடு நில்லாமல் நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துக்கும், சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்துக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நம்மை இழுத்துச் செல்கிறது.

முதலில் வீதியைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகின்ற ஏ-15 வீதி வாழைச்சேனையைக் கடந்து, காயன்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என்று கரையோரமாகவே வடக்கு நோக்கிச் செல்கிறது. வரைபடத்தில் பார்த்தால் நேரான கோடுதான். ஆனால் மகாவலியின் கிளைகளும் உப்புக் கழிகளும் அந்தக் கோட்டை இடையிடையே அறுத்துவிட்டிருப்பதால், வெருகல், கங்கை, உப்பாறு, இறால்குழி, கிண்ணியா என்ற துறைகளிலெல்லாம் இறங்கி, பாதை என்று இங்கே சொல்லப்படும் மிதவைப் படகு வரும்வரை காத்திருந்து, பலகைச் சாய்வில் வண்டியை ஏற்றி, அக்கரையில் மறுபடியும் பலகையில் இறக்கி, அப்புறம் மணலில் தொடங்குகின்ற வீதியைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்பதே நெடுங்காலம் பிரயாணிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த நியதி. கரையின் சரிவும் பலகையின் சரிவும் சந்திக்கின்ற அந்த முனையிலே, முன் சக்கரங்கள் ஏறி முடித்துப் பின் சக்கரங்கள் ஏறாத கணத்தில், வண்டியின் நடுவயிறு அந்த முனையில் தட்டாமல் தப்பவேண்டுமானால் அது உயர்ந்தே நிற்கவேண்டும். தாழ்ந்த வண்டி அங்கே ஆமைபோல் மாட்டிக்கொள்ளும். பிறகு பாதைக்காரரும் பிரயாணிகளும் கூடித் தூக்கவேண்டியதுதான்.

கரத்தை என்ற மாட்டுவண்டியின் காலத்தில் இந்தக் கவலையே இல்லை. பெரிய சக்கரம், நேரான அச்சு, அச்சின்மேல் பலகை; இடையில் ஸ்பிரிங் என்ற பேச்சில்லை. யாழ்ப்பாணத்தார் திருக்கல் வண்டியில் காளைகளைப் பூட்டிச் சவாரி விட்டபோதும், வேகத்தைக் காளையிடம் எதிர்பார்த்தார்களேயன்றி வண்டியின் உயரத்தில் எதிர்பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் இலங்கைக்கு வந்தபோது, அதுவும் கரத்தையின் சம்பிரதாயத்தையே அனுசரித்தது. முன்பக்கத்தில் ஒரு கனத்த இரும்பு அச்சு, அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகட்டு ஸ்பிரிங், அதன்மேல் வண்டியின் சட்டம்: இவ்வளவுதான். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டின் டி மாடல் கார், குறுக்காகக் கிடத்திய தகட்டு ஸ்பிரிங்கின்மேல் கொக்குக் கால்களில் நின்றதற்குக் காரணம் அமெரிக்கக் கிராமத்துச் சேற்றுத் தெருக்களே. அந்த உயரம் நம்முடைய மணலுக்கும் பொருத்தமாக அமைந்தது, தற்செயலான ஒரு பாக்கியம்.

தகட்டு ஸ்பிரிங் என்ற சாதனத்தின் பெருமை, அதைக் கொல்லன் புரிந்துகொள்வான் என்பதில் இருந்தது. தகடு தொய்ந்தால் உலையில் காய்ச்சி மறுபடி வளைத்து ஆற்றலாம். பாரம் கூடினால் இன்னொரு தகட்டைச் சேர்த்துக் கட்டலாம். நெல் மூட்டையும் விறகும் மீன் பெட்டியும் ஏற்றுகின்ற லொறிகளுக்கு இப்படித் தகடு சேர்த்து உயர்த்துவது கிழக்கிலங்கையின் பட்டறைகளில் அன்றாட வேலை. உயர்த்துவதற்கு இங்கே வித்தை இருந்தது. தாழ்த்துவதற்கு இல்லை, ஏனெனில் தாழ்த்தும்படி கேட்டவர் எவருமில்லை.

தாழ்த்தும் வித்தை பிறந்த இடம் பந்தயம். மூலையில் வேகமாகத் திரும்புகின்ற காரின் பாரமத்தி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்குப் பாரம் மாறுவது குறைகிறது. அவ்வளவுக்கு நான்கு ரயர்களும் சேர்ந்து வீதியைப் பற்றுகின்றன. இது ஆரம்பப் பாடசாலைக் கணிதத்தைவிடச் சற்றே மேலான சமாசாரம். இலங்கையிலே 1934 ஆம் ஆண்டில் நுவரெலியாவின் மஹகஸ்தொட்டைத் தேயிலைத் தோட்டத்து வீதியில் மலையேற்றப் பந்தயம் ஆரம்பமாயிற்று. ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் களியாட்டங்களோடு சேர்ந்த வைபவமாக அது நிலைபெற்றது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பின்னர், களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் பிரிட்டிஷ் கடற்படையார் அமைத்துவிட்டுப் போன விமான ஓடுதளமும் பந்தயத்துக்கு உதவிற்று. தமிழ்நாட்டிலும் அதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுதளமொன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953 இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கி, 1990 இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறக்கும்வரை, பல்லாயிரம் ஜனங்கள் வெயிலில் நின்று பார்க்கும் உற்சவமாக வளர்த்தது. போர் விமானங்களுக்காக ஊற்றிய சீமெந்து, போர் ஒழிந்ததும் கார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது என்பது இருபதாம் நூற்றாண்டின் விசித்திரங்களில் ஒன்று. மேடு பள்ளமற்ற தரை இருந்தால்தான் தாழ்ந்த கார் ஓடமுடியும். அப்படிப்பட்ட தரை அக்காலத்தில் நம் நாடுகளில் விமானத்துக்கு மாத்திரமே வாய்த்திருந்தது.

சோழவரத்தில் ஓடிய கார்கள் எவை? அம்பாசடர், ஃபியட் 1100, சென்னையிலேயே உற்பத்தியான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகியவையே உள்நாட்டார் கைக்கு எட்டிய வண்டிகள். ஃபியட்டிலும் ஹெரால்டிலும் முன்சக்கரத்தை மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கவைக்கரங்கள் தாங்க, நடுவே சுருள் ஸ்பிரிங் நின்றது. அம்பாசடரில் சுருளுமில்லை, நீளமான உருக்குத் தண்டொன்று முறுகி விரிந்து ஸ்பிரிங்கின் வேலையைச் செய்தது. இலங்கையின் வீதிகளில் இன்றும் ஓடுகின்ற மொரிஸ் மைனரிலும் அதே முறுக்குத் தண்டுதான். 1948 இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த அந்தச் சிறிய கார், தாழ்த்த விரும்புபவருக்கு எவ்வளவு சௌகரியமானது என்று சொன்னால் இன்றைய இளைஞர் நம்பமாட்டார்கள். முறுக்குத் தண்டின் நுனியில் பற்கள் வெட்டியிருக்கும்; தண்டைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மறுபடி மாட்டினால், கார் தாழ்ந்துவிடும். எதையும் அறுக்கவேண்டாம், எதையும் ஒட்டவேண்டாம். விருப்பம் மாறினால் பழைய பல்லுக்கே திரும்பிவிடலாம். சொக் அப்சோபர் தனியாக, ஒரு நெம்புகோல் பெட்டியாக மேலே இருந்தபடியால், ஸ்பிரிங்கைத் தொட்டவன் அதைப்பற்றிப் பெரிதாகக் கவலைப்படவேண்டியதில்லை.

இந்தச் சௌகரியத்துக்கு முடிவு கட்டியவர், கெட்ட எண்ணம் ஏதுமில்லாத ஒரு நல்ல என்ஜினியர். ஏர்ல் மக்ஃபர்ஸன் என்பது அவர் பெயர். 1891 இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் பிறந்த அவர், இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக செவ்ரலே கேடெட் என்ற மலிவான சிறு காரொன்றை உருவாக்கும் பொறுப்பில் இருந்தார். மலிவாக இருக்கவேண்டும், இலேசாக இருக்கவேண்டும், ஆயினும் நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கவேண்டும் என்ற நிபந்தனைகளை நிறைவேற்ற முயன்றபோது, சொக் அப்சோபரையும் ஸ்பிரிங்கையும் மேற்கவையையும் தனித்தனியே வைப்பானேன், மூன்றையும் ஒரே தூணாக்கிவிடலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அமெரிக்கர்கள் சிறிய காரை வாங்கமாட்டார்கள் என்று கருதிக் கம்பெனி 1947 இல் கேடெட்டைக் கைவிட்டது. மக்ஃபர்ஸன் ஃபோர்டுக்குப் போனார். அவருடைய தூணும் கூடவே போயிற்று. 1950 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஃபோர்ட் கொன்சலும் ஸெஃபையரும் அந்த முன்சக்கரத் தூணோடு வெளிவந்து, வெகு விரைவில் இலங்கையின் டாக்டர்களுக்கும் புரொக்டர்களுக்கும் தோட்டத்துரைமாருக்கும் பரிச்சயமாயின.

அந்தத் தூணை நம் கராஜ்களில் ஸ்ட்ரட் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். பழைய டொயோட்டா கொரோலா கே.ஈ. 70 இன் முன்சக்கரத்தைக் கழற்றினால், ஓர் உருக்குக் குழாய், அடியில் சக்கரத்தின் அச்சுக்கட்டையோடு இணைந்து நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். குழாயின் நடுப்பகுதியில் தட்டொன்று சுற்றிலும் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும்; சுருள் ஸ்பிரிங் அதன்மேல் உட்காருகிறது. குழாய்க்குள்ளே எண்ணெயும் அடைப்பானும். அடைப்பானிலிருந்து புறப்படுகின்ற பளபளப்பான தண்டு குழாயின் வாயை அடைக்கும் பெரிய மரையாணியின் வழியே வெளிவந்து, பொனட்டின் கீழே காரின் உடம்போடு ரப்பர்க் கிண்ணமொன்றால் பிணைக்கப்பட்டிருக்கிறது. கீழே ஒரு கரம், மேலே இந்தக் கிண்ணம்: இரண்டே இடத்தில் சக்கரம் முழுவதும் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூண் முழுவதுமே தன் அச்சில் திரும்புகிறது. இத்தனை குறைந்த உறுப்புகளால் இத்தனை காரியங்களைச் செய்விக்கும் சாமர்த்தியம் உண்மையில் வியக்கத்தக்கது. 1966 இல் வெளிவந்த முதல் கொரோலாவிலிருந்து, 1983 டிசம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி 800 வரை, ஆசியாவின் சாமானியர் கார்களில் பெரும்பாலானவை மக்ஃபர்ஸனுக்குக் கடன்பட்டவை.

ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக்கியதனால், ஒன்றைத் தொடுபவன் எல்லாவற்றையும் தொடவேண்டியதாயிற்று. ஸ்ட்ரட்டில் தண்டு மொத்தம் 160 மில்லிமீட்டர் ஏறி இறங்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். கார் சும்மா நிற்கும்போது தண்டு ஏறத்தாழ நடுவில் நிற்கும். பள்ளத்தில் இறங்க 80, மேட்டில் ஏற 80. இப்போது ஸ்பிரிங்கை மாத்திரம் குறுக்கிக் காரை 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால், குழாய் பழைய நீளத்திலேயே இருப்பதால், ஏறுவதற்கு மிச்சமிருப்பது 30. ஒரு சாதாரணத் தெரு மேட்டிலேயே தண்டு முழுவதும் உள்ளே போய், மேலேயுள்ள தடுப்பு ரப்பரில் மோதும். அந்தக் கணத்தில் காருக்கு ஸ்பிரிங்கே இல்லை. வீதியின் அடி நேராகக் காரின் உடம்பில் விழுகிறது. பந்தயத்திலோ இது வெறும் அசௌகரியத்தோடு முடிவதில்லை: திருப்பத்தில் வெளிச்சக்கரம் தடுப்பில் மோதிய மாத்திரத்தில் அந்த ரயரின் பாரம் திடீரெனப் பெருகி, பிடி நழுவி, கார் நேராக ஓடிவிடும். எதிர்ப்பக்கத்திலும் சங்கடமுண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, பழைய தண்டு நீளமாக வெளியே வந்துவிட, குறுகிய ஸ்பிரிங் தன் தட்டைவிட்டு எழுந்து தளர்ந்து நிற்கும். திரும்ப உட்காரும்போது சரியான இடத்தில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆகவே பந்தயக்காரர்கள் குழாயையே குறுக்கினார்கள். இங்கிலாந்திலே 1963 இல் வெளிவந்த லோட்டஸ் கோர்டினா இதற்கு உத்தமமான உதாரணம். ஃபோர்டின் சாதாரணக் குடும்பக் காரை வாங்கி, கொலின் சாப்மனின் லோட்டஸ் கம்பெனி அதற்கு வேறு என்ஜினைப் பொருத்தியதோடு, முன்பக்கத்துக்குக் குறுகிய ஸ்ட்ரட்டுகளையும் உலையில் அடித்துச் செய்த கீழ்க்கரங்களையும் அமைத்தது. கார் தாழ்ந்தது; தண்டோ தன் பயணத்தின் நடுவிலேயே நின்றது. 1964 இல் ஜிம் கிளார்க் அந்தக் காரில் பிரிட்டிஷ் சலூன் கார்ப் பட்டத்தை வென்றார். உள்பக்கத்து முன்சக்கரம் தரையைவிட்டு எழும்ப அவர் மூலை திரும்புகின்ற புகைப்படங்கள் உலகெங்கும் பிரசித்தம். சரித்திரத்தின் பரிகாசம் எதுவென்றால், அதே 1964 இல் கென்யா, உகாண்டா, தங்கனிக்காவின் சேற்றிலும் புழுதியிலும் நடந்த கிழக்காபிரிக்க சஃபாரி ஓட்டத்தில் வெற்றி பெற்றதும் ஒரு கோர்டினாதான். ஒரே குடும்பத்துக் கார், ஒரே தூண். இங்கிலாந்தின் தார்த் தடத்துக்குக் குறுகியது, ஆபிரிக்காவின் புழுதிக்கு அந்தக் குறுக்கல் ஒவ்வாதது. நாம் வாகரையில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் பார்க்கும்போது, நமது உறவு எந்தப் பக்கத்தில் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குறுக்கும் முறை பின்னர் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்து அகற்றி, மரையாணியைத் திறந்து எண்ணெயை வடித்து, வெறும் குழாயை லேத்தில் பூட்டி, தட்டுக்குக் கீழேயுள்ள பகுதியில் வேண்டிய அளவு துண்டை வெட்டி எடுத்து, மிஞ்சிய இரண்டு பாகங்களையும் இம்மியும் கோணாமல் நேராக நிறுத்தி, சுற்றிலும் வெல்டிங் செய்து, உள்ளே பழைய எண்ணெய் அமைப்புக்குப் பதிலாக, அதைவிட நீளம் குறைந்த வேறொரு காரின் சொக் உருளையை இறக்கி, வாயைத் திரும்ப மூடுவார்கள். உருளை குழாய்க்குள் ஆடாமல் இருக்க அடியில் ஒரு வளையம் வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கடகடவென்று ஓசை கேட்கும். வெல்டிங் கோணிவிட்டால் தண்டு ஒருபக்கமாக உராய்ந்து சில மாதங்களிலேயே எண்ணெய் கசியத் தொடங்கும். ஸ்ட்ரட்டின் இயல்பே சக்கரத்தின் பக்கவாட்டு விசையைத் தண்டு தாங்கவேண்டியிருப்பது. கோணல் சேர்ந்துவிட்டால் சொல்லவேண்டியதில்லை. இதைத் தவிர்க்கவே ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி, பந்தய ஸ்ட்ரட்டுகளில் உருளையைத் தலைகீழாகப் பொருத்தி, மெல்லிய தண்டுக்குப் பதிலாக உருளையின் பருத்த உடம்பையே பக்கவிசையைத் தாங்கும்படி செய்தது. உள்ளே அழுத்தப்பட்ட வாயு எண்ணெயை நுரைக்கவிடாது. நுரைத்த எண்ணெய் தடுக்கும் சக்தியை இழந்துவிடும் என்பது நீண்ட ஓட்டங்களில் பந்தயக்காரர் அனுபவித்தறிந்த பாடம்.

இவ்வளவும் செய்தாலும் விவகாரம் தீர்ந்துவிடாது. கார் தாழும்போது கீழ்க்கரம் சக்கரத்தை நோக்கி மேல்வளமாகச் சாய்கிறது. அப்போது, திருப்பத்தில் காரின் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாரமத்தியைவிட அதிகமாகத் தாழ்ந்து, தரைக்கும் கீழே போய்விடக்கூடும். ஆகவே தாழ்த்திய கார் முன்னிலும் அதிகமாகச் சாய்கின்ற விபரீதம் நேர்கிறது. ஸ்டியரிங்கின் இணைப்புத் தண்டும் கீழ்க்கரமும் வெவ்வேறு கோணத்தில் நிற்பதால், மேடு ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். இதற்குப் பரிகாரமாக, ஸ்ட்ரட்டின் அடிக்கும் ஸ்டியரிங் கரத்துக்கும் நடுவே ஓர் அங்குலக் கனமுள்ள உலோகக் கட்டையை வைத்துக் கீழ்க்கரத்தின் நுனியை மறுபடி கீழே இறக்குகிறார்கள். ஸ்ட்ரட்டைக் குறுக்குபவர் இந்தக் கட்டையையும் நினைவில் வைக்கவேண்டும் என்று, இது தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பவர் சிலர்.

பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாமல், பார்வைக்காகவே காரைத் தாழ்த்தும் வழக்கமும் உலகத்தில் பழையது. யுத்தத்துக்குப் பிந்திய கலிஃபோர்னியாவில் மெக்ஸிக்க வம்சத்து இளைஞர்கள் பழைய செவ்ரலேக்களின் ஸ்பிரிங்கை அறுத்தும், பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றியும், ஊர்ந்து போவதுபோல் மெதுவாக ஓட்டுவதை ஒரு கலையாகவே ஆக்கினார்கள். சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று ஐம்பதுகளின் கடைசியில் அம்மாநிலம் சட்டம் செய்யும் அளவுக்கு அது பரவிற்று. வேகத்துக்காகத் தாழ்த்தியவரும் மெதுவாகப் போவதற்காகத் தாழ்த்தியவரும் கடைசியில் ஒரே தோற்றத்தில் வந்து சேர்ந்தார்கள். இன்று நம் ஊர்களில் காணப்படும் தாழ்ந்த கார்கள் இந்த இரண்டு குலங்களில் எதைச் சேர்ந்தவை என்று கேட்டால், சொந்தக்காரர்கள் முதலாவதைச் சொல்வார்கள்; நான் இரண்டாவது என்பேன்.

வாகரைக்குத் திரும்புவோம். அந்நியச் செலாவணி நெருக்கடியால் அறுபதுகளில் இலங்கைக்குள் கார் வருவது பெரும்பாலும் நின்றுபோக, இருந்த மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் பேணப்பட்டே காலந்தள்ளின. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின்னரே ஜப்பானிய வண்டிகள் திரளாக வந்தன. சன்னி, கொரோலா, பெட்டி லான்சர் எல்லாமே முன்பக்கத்தில் ஸ்ட்ரட் கொண்டவை. அதாவது, தாழ்த்தினால் குறுக்கியே ஆகவேண்டிய கார்கள் அப்போதுதான் பெருமளவில் நம் கைக்கு வந்தன. ஆயினும் மட்டக்களப்பின் வடகோடிக்கு அந்த வசந்தம் எட்டவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அதன் பின் உள்நாட்டுப் போர் வந்தது. காவலரண்களும் மூடிய வீதிகளுமாகப் பல வருஷங்கள் கழிந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் தேதிக் கடல்கோள் இந்தக் கரையை வாரிச் சென்றது. 2006 இன் பிற்பகுதியில் வாகரைப் பகுதியில் அடைபட்டுப்போன ஜனங்கள் பட்ட துயரமும், 2007 ஜனவரியில் அவ்விடம் கைமாறியதும் நாடறிந்தவை. அந்தக் காலங்களில் இவ்வீதியில் ஓடியவை உழவு இயந்திரங்களும் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரங்களும் துவிச்சக்கர வண்டிகளுமே. குழியைக் கண்டு அஞ்சாத வாகனமே வாகனம் என்ற பழைய நியாயம் அப்போது இன்னும் உறுதிப்பட்டது.

போர் ஓய்ந்ததும் வீதி மாறிற்று. 2009 இல் 396 மீட்டர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் வெருகலிலும் கங்கையிலும் உப்பாற்றிலும் இறால்குழியிலும் பாலங்கள் எழுந்தன. பாதைக்குக் காத்திருந்த துறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஏ-15 முழுவதும் மினுமினுக்கும் கறுப்புத் தளமாயிற்று. சோழவரத்துக்கும் கட்டுக்குருந்தைக்கும் மாத்திரம் உரியதாயிருந்த சமதளம் வாகரை மணலின் நடுவே வந்து கிடந்தபோது, தாழ்ந்த கார் அதைத் தேடி வந்ததில் ஆச்சரியமில்லை. இதைக் குற்றமாகச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். பல வருஷங்கள் குழியை எண்ணிக்கொண்டு ஓட்டிய ஒரு சமூகத்தின் பிள்ளை, குழியில்லாத வீதியைக் கண்டதும் காரைத் தாழ்த்திப் பார்க்க ஆசைப்பட்டால், அந்த ஆசையில் ஒரு நியாயம் இருக்கிறது.

நியாயமில்லாதது, அதை அவர்கள் செய்யும் முறை. குறுகிய ஸ்ட்ரட் விலை அதிகம்; லேத்தில் வெட்டி ஒட்டத் தெரிந்தவர் அரிது; ஆகவே ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெறிவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதையும்விட மோசமானவர்கள், ஸ்பிரிங்கைக் கழற்றாமலே காஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சி, காரின் பாரத்தாலேயே அமுங்கச் செய்கிறார்கள். உருக்குக்கு அதன் துள்ளும் குணத்தைத் தந்தது, சரியான சூட்டில் காய்ச்சிச் சரியான வகையில் ஆற்றிய பக்குவம். காஸ் விளக்கு அந்தப் பக்குவத்தைக் கலைத்துவிடுகிறது. அந்த ஸ்பிரிங் நாளடைவில் இன்னும் தொய்யும், அல்லது ஒரு நாள் முறியும். தகட்டைக் காய்ச்சி ஆற்றும் முறையை நன்றாக அறிந்திருந்த பழைய கொல்லன் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். ஒரு சுற்றை அறுத்தவருக்கும் ஒரு செய்தி உண்டு: சுற்றுகள் குறையக் குறைய மிஞ்சிய ஸ்பிரிங் விறைப்பாகிறது, அந்த விறைப்பைத் தடுத்தாளும் வலு பழைய சொக் அப்சோபருக்கு இல்லாததால், கார் திருப்பத்தில் நிதானிக்காமல் துள்ளிக்கொண்டே போகும். பந்தயக்காரர் ஸ்பிரிங்கை மாற்றும்போதே சொக்கையும் மாற்றுவது ஆடம்பரத்துக்காக அல்ல.

மழைக்காலத்தையும் மறக்கலாகாது. வடகீழ்ப் பருவமழை மார்கழியில் பெய்து வாவியும் கழிகளும் பெருகும்போது, புதிய பாலங்கள் நிலைத்து நின்றாலும், வீதியின் ஓரங்கள் அரித்துப்போகின்றன. வீதியிலிருந்து ஊருக்குள் திரும்புகின்ற ஒழுங்கைகளோ இன்றைக்கும் மணலும் சேறுமே. தார்வீதிக்காகத் தாழ்த்திய காரைச் சொந்தக்காரர் கடைசி அரைமைல் ஒழுங்கையில் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால், சஃபாரிக் கோர்டினாவின் ஞாபகம் வரத்தான் செய்கிறது.

ஆகையால் இதைப் படிக்கின்ற இளைஞருக்கு ஒரு வார்த்தை. ஸ்பிரிங்கைத் தொடுமுன், முன்சக்கரத்து ஸ்ட்ரட்டின் பளபளப்பான தண்டில் இறுக்கமான ரப்பர் வளையமொன்றை மாட்டி, குழாயின் வாயை ஒட்டிக் கீழே தள்ளிவிடுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு வாழைச்சேனையிலிருந்து வாகரை வரை ஓட்டி, வீட்டு ஒழுங்கைக்குள்ளும் போய்வந்து, வளையம் எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். அதற்கும் மேலேயுள்ள தடுப்பு ரப்பருக்கும் இடையே மிஞ்சியிருக்கும் மில்லிமீட்டர்களே உங்கள் காரில் ஸ்ட்ரட்டைக் குறுக்காமல் தாழ்த்தக்கூடிய அளவு. அதற்குமேல் வேண்டுமானால் குறுகிய ஸ்ட்ரட்டுக்கும் பொருத்தமான சொக்குக்கும் பணம் சேர்க்கும்வரை காரை அது நிற்கிற உயரத்திலேயே விடுங்கள்.